மக்ரேயின் முக்கோணம்

ஒரு சனிக்கிழமைக் காலையில், மெல்பர்னுக்கு வெளியே, வெரிபீ என்ற ஊரைத் தாண்டி மேற்கே, மரம் என்று சொல்ல ஒன்றுமில்லாத ஒரு புல்வெளியில் நின்றுகொண்டிருந்தேன். மேலே நைலக்ஸ் புடவை, கீழே என் கணவரின் ரப்பர் பூட்ஸ். கையில் ஓர் இரும்பு அளவு நாடாவின் முனை.

நாடாவின் மறுமுனையை மிஸ்டர் டொனலி இழுத்துக்கொண்டு போனார். வாயில் விசில். எங்களுக்குப் பின்னால் கோட்டும் டையும் அணிந்த மிஸ்டர் கிளார்க்சன், நோட்டுப் புத்தகத்தைக் காற்று பறிக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி வந்தார். நாற்பது ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தன.

ஒரு முக்கோணம் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் படித்த ஒரு வாசகி, "கணக்கு டீச்சர் வாழ்க்கையில் அப்படி என்ன நடந்துவிடும்?" என்று கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, இதைப் படியுங்கள்.

மூன்று பேர் கமிட்டி

எழுபதுகளின் நடுவில், மெல்பர்னின் மேற்குப் புறநகர்ப் பள்ளிகள் சில சேர்ந்து மாணவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டி வைத்தன. வடிவியல், எண்கள், இயற்கணிதம், எத்தனை வழிகளில் செய்யலாம் என்று கேட்கும் கணக்குகள் எல்லாம் அதில் உண்டு. வினாத்தாள் தயாரிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி.

தலைவர் மிஸ்டர் கிளார்க்சன், பக்கத்துப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர். நாடு அப்போது கஜத்திலிருந்து மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. பலர் முணுமுணுத்துக்கொண்டு மாறினார்கள். இவர் பக்தியோடு மாறினார். அறிமுகமானவுடன் தன் உயரத்தை சென்டிமீட்டரில் சொல்வார். நாமும் நம்முடையதைச் சொல்லும்வரை கையை விடமாட்டார்.

இரண்டாவது ஆள் மிஸ்டர் டொனலி, விளையாட்டு ஆசிரியர். கணக்குக்கு ஆள் கிடைக்காததால், ஒரு திங்கட்கிழமை அவர் கையில் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் யாராவது சரியான விடை சொன்னால் விசில் ஊதுவார். தவறான விடைக்கு இரண்டு தடவை.

மூன்றாவது நான். மதுரைக்காரி, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத தற்காலிக ஆசிரியை. வருட முடிவில் என்னைப் பற்றி ஓர் அறிக்கை போகும். அதைப் பொறுத்துத்தான் வேலை நிலைக்கும்.

கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே ஒரு தகராறு. பன்னிரண்டு பேர் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஒரு முறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல் என்பது பழைய கேள்வி. விடை அறுபத்தாறு. டொனலிக்கு நம்பிக்கை வரவில்லை. மைதானத்தில் பன்னிரண்டு மாணவர்களை நிறுத்திக் கைகுலுக்க வைத்து எண்ணினார். அறுபத்து நான்குதான் வந்தது. விசாரித்ததில், அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு ஜோடிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று தெரிந்தது.

"அப்படியானால் விடை அறுபத்து நான்கு. நான் கண்ணால் பார்த்தேன்" என்றார் டொனலி. அவரைச் சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. (இவர்கள் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.)

மூன்று விசில்

எனக்குக் கொடுத்த வேலை சுலபமானது. பழைய வினாத்தாள்களில் கஜத்தில் இருக்கும் கேள்விகளை மீட்டருக்கு மாற்ற வேண்டும். சமையலறை மேஜையில் உட்கார்ந்து செய்தேன். அடுப்பில், ஊரிலிருந்து துணிகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வந்த குக்கர். உள்ளே துவரம்பருப்பு.

ஒரு விவசாயியின் முக்கோண நிலத்தைப் பற்றிய கேள்வி வந்தது. பக்கங்கள் இருநூற்றிருபது, முந்நூற்று முப்பது, ஐந்நூற்றுப் பத்து கஜம். மூலைக்கு ஒரு கம்பம் வரும்படி, சம இடைவெளியில் வேலிக் கம்பம் நட வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை கம்பங்கள் தேவை?

முதல் பக்கத்தை மாற்றினேன். ஏறக்குறைய இருநூறு மீட்டர். குக்கர் ஒரு விசில் அடித்தது. இரண்டாவது பக்கம் முந்நூறு மீட்டர். இரண்டாவது விசில்.

மூன்றாவது விசில் வந்ததும் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்து அடுத்த கேள்வியைத் தொடங்கினேன்.

ஐந்நூற்றுப் பத்து அப்படியே நின்றுவிட்டது. கஜம் என்ற சொல்லை மட்டும் எல்லா இடத்திலும் ஒரேயடியாக மீட்டர் என்று அடித்துத் திருத்தியிருந்தேன். இருநூறு, முந்நூறு, ஐந்நூற்றுப் பத்து. மூன்றையும் மீதியில்லாமல் வகுக்கும் பெரிய எண் பத்து. சுற்றளவு ஆயிரத்துப் பத்து. விடை நூற்றொரு கம்பங்கள். எவ்வளவு அழகான விடை! அழகான விடை வந்தால் கணக்கு டீச்சர்கள் சந்தேகப்படுவதில்லை.

ஆனால் இருநூறையும் முந்நூறையும் கூட்டிப் பாருங்கள். ஐந்நூறுதான். ஐந்நூற்றுப் பத்து மீட்டர் நீளமுள்ள பக்கத்தின் இரண்டு முனைகளை அவை எட்டவே எட்டா. முக்கோணத்தின் எந்த இரண்டு பக்கங்களைச் சேர்த்தாலும் மூன்றாவதைவிட நீளமாகத்தான் இருக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த விதி. நான் படைத்த நிலம் உலகத்தில் எங்கும் இருக்க முடியாது.

கிளார்க்சன் கவனிக்கவில்லை. டொனலியிடம் அதை எதிர்பார்க்கவும் இல்லை. போட்டி எழுதிய பிள்ளைகள் எல்லோரும் சமர்த்தாக நூற்றொன்று என்று எழுதினார்கள், ஒருத்தியைத் தவிர.

பூஜ்ஜியம்

அந்த ஒருத்தி மாலினி. யோகம் அக்காவின் மகள், பதின்மூன்று வயது.

யோகம் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கள் பகுதியில் அப்போது தமிழ்க் குடும்பம் என்றால் அவர்களும் நாங்களும்தான். நான் வந்து இறங்கிய வாரத்தில், குளிருக்கு எந்தக் கோட்டு வாங்க வேண்டும், எந்தக் கடையில் பச்சை மிளகாய் கிடைக்கும் என்று கூடவே வந்து காட்டியவர். வாரத்தில் மூன்று நாளாவது அவர் வீட்டுக் குசினியில் (சமையலறையை அவர் அப்படித்தான் சொல்வார்) நான் தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

முடிவு வந்த அன்றும் அங்கேதான் இருந்தேன். முதலிடம் ஆலன் மக்ரே என்ற பையனுக்கு. மாலினி இரண்டாவது. மற்ற எல்லாக் கேள்விகளிலும் இருவரும் சமம். அந்த ஒரு கேள்வியில் மாலினி எழுதியிருந்த விடை பூஜ்ஜியம். பக்கத்தில் ஒரு வரி: 'இப்படி ஒரு நிலம் கிடையாது, அதனால் கம்பமும் தேவையில்லை.'

டொனலி அதற்குக் குறுக்கே சிவப்பு மையால் பெரிய கோடு போட்டிருந்தார். இரண்டு விசில் ஊதியிருப்பார் என்றும் நினைக்கிறேன்.

அந்த வரியைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பருப்பு வாசனைகூட மூக்கில் வந்தது.

"கேள்வியில பிழை எண்டு எழுதி வைச்சிருக்கிறாள், ராஜம்!" என்றார் யோகம் அக்கா. "பெரிய பெரிய ஆக்கள் இருந்து செய்த பேப்பர். அதில பிழை வருமோ? விடை தெரியேல்லை எண்டால் தெரியேல்லை எண்டு எழுத வேண்டியதுதானே. இது திமிர்."

"அம்மா, இட் கான்ட் பி அ ட்ரையாங்கிள்" என்றாள் மாலினி.

"வாயைப் பொத்து. ஐம்பது கணக்கு எழுதி வைச்சிருக்கிறன், எல்லாம் வேலிக் கணக்கு. இருந்து செய்."

அவள் உட்கார்ந்து செய்தாள். நான் எதிரில் கதிரையில், அதாவது நாற்காலியில், உட்கார்ந்து தேநீர் குடித்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "ராஜம், இன்னும் கொஞ்சம் சீனி போடட்டோ?" என்றார் அக்கா. "போடுங்க அக்கா" என்றேன்.

அன்று மட்டுமல்ல. அடுத்த மூன்று நாளும் அந்தப் பிள்ளை வேலிக் கணக்குச் செய்ததை அதே கதிரையில் இருந்து பார்த்தேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அக்கா என்னைப் பெரிய அறிவாளி என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், அது இன்னொரு பக்கம்.

கமிட்டி வருந்துகிறது

நான்காம் நாள் கிளார்க்சனிடம் போய்ச் சொன்னேன். அவர் வினாத்தாளை எடுத்து மூன்று எண்களையும் கூட்டிப் பார்த்தார். பிறகு, "மீட்டரின் மேல் ஒரு தவறும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை, தவறு முழுவதும் கஜத்தினுடையது என்றேன். முகம் தெளிந்தது.

மாலினியின் விடைதான் சரி, முதல் பரிசு அவளுக்கே என்று முடிவாயிற்று. அப்படி ஒரு நிலம் கிடையாது என்ற விளக்கத்தோடு பள்ளிகளுக்குக் கடிதம் போனது. 'பிழைக்காகக் கமிட்டி வருந்துகிறது' என்று மட்டும் எழுதினார், யாருடைய பிழை என்று எழுதவில்லை.

யோகம் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளுக்குக் கேக் வாங்கினார். எனக்கும் ஒரு துண்டு.

"கமிட்டியில ஆரோ ஒரு மடையன் இருந்திருக்கிறான், ராஜம். நீரும் அதிலதானே இருக்கிறீர். ஆரெண்டு தெரியுமோ?"

"விசாரிச்சுச் சொல்றேன் அக்கா."

இதைவிடக் கோழைத்தனமான ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

நிலத்துக்காரர் வந்தார்

மறுவாரம் என் வகுப்பறைக் கதவை யாரோ பூட்ஸ் காலால் தட்டினார்கள். திறந்தால், தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு நெடிய மனிதர். ஆலனின் அப்பா, டக் மக்ரே. இன்னொரு கை சும்மா இருக்கும்போது ஏன் காலால் தட்டினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இப்படி ஒரு நிலம் கிடையாது என்று சொன்னது யார்?" என்றார்.

விதியை விளக்கினேன். கரும்பலகையில் படம் போட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"அம்மணி, என்னிடம் அப்படி ஒரு நிலம் இருக்கிறது. மூன்று பக்கம். நீங்கள் கேட்ட அளவுக்கு ஏறக்குறையப் பக்கத்தில்தான். ஒவ்வொரு வருடமும் வேலி கட்டுகிறேன். இல்லாத நிலத்தில் என் ஆடுகள் எப்படி மேய்கின்றன?"

கிளார்க்சனிடம் அழைத்துப் போனேன். அங்கேயும் அதையே சொன்னார். பையனின் பரிசைப் பிடுங்கியதுகூட அவருக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. அப்பாவின் நிலம் கிடையாது என்று பள்ளிக்கூடம் எழுத்தில் சொல்லிவிட்டதாக ஆலனைச் சக மாணவர்கள் கேலி செய்தார்களாம். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

கிளார்க்சன் நியாயஸ்தர். "அளந்து பார்த்துவிடுவோம்" என்றார். "மீட்டரில்."

அளவெடுப்பு

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை. நீளம் தாண்டும் போட்டிக்கு அளக்கிற முப்பது மீட்டர் நாடாவை டொனலி கொண்டுவந்தார். இரு தரப்பும் சாட்சியாக இருக்க வேண்டும் என்று மாலினியையும் ஆலனையும் வரச் சொல்லியிருந்தார்கள். மகளைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று யோகம் அக்கா தெர்மாஸும் முட்டை சாண்ட்விச்சுமாக வந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டின் மேல் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் பக்கம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு மீட்டர். இரண்டாவது இருநூற்றுத் தொண்ணூற்றாறு. மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்று நான்கு. எல்லாம் மேஜை போலச் சமதரை.

மூன்றாவது வேலி நேராகப் போயிற்று. வளைவு கிடையாது. நானும் டொனலியும் நாடாவை வைத்து, எடுத்து, வைத்து நடந்தோம். நடுவில் ஓர் ஓடைப் பள்ளம். வழுக்கி இறங்கினோம், புல்லைப் பிடித்து ஏறினோம். என் புடவை முழுக்க முள். எண்ணிக்கை விட்டுப்போய்விடக் கூடாதே என்று இரண்டு பேரும் சத்தமாக எண்ணிக்கொண்டே போனோம்.

கடைசி மூலைக்கு வந்தபோது ஐந்நூற்றேழு மீட்டர்.

கிளார்க்சன் கூட்டிப் பார்த்தார். தலைகீழாகவும் கூட்டிப் பார்த்தார். பிறகு, கோட்டோடு, ஈரப் புல்லில் உட்கார்ந்தார்.

"இந்த நிலம் இருக்க முடியாது" என்றார் மெதுவாக.

"அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்றார் மக்ரே.

திரும்ப அளந்தோம். இந்த முறை ஐந்நூற்றெட்டு. நிலைமை மோசமாகிக்கொண்டே போயிற்று. டொனலி மட்டும் உற்சாகமாக இருந்தார். கைகுலுக்கல் விஷயத்திலும் தான் அன்று சொன்னதுதான் சரி என்று தொடங்கினார்.

கேட்டின் மேலிருந்து மாலினி கூப்பிட்டாள். "அன்ரி! நீங்களும் மிஸ்டர் டொனலியும் நடுவில காணாமல் போனீங்கள். பிறகு திரும்பி வந்தீங்கள்."

"பள்ளத்துல இறங்கினோம்மா."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. அவள் இறங்கி ஓடி வந்தாள். வேலியைக் காட்டி, கிளார்க்சனுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் சொன்னாள். மேலே இருந்து பார்த்தால் இது நேர்கோடு, பக்கவாட்டில் பார்த்தால் கீழே போய் மேலே வருகிறது. நாடா தரையோடு போனதால் பள்ளத்தையும் சேர்த்து அளந்திருக்கிறது. அதனால்தான் ஐந்நூற்றேழு. விதியும் சரி, வேலியும் சரி.

இரண்டு கணக்கு டீச்சர்கள் அந்தப் பள்ளத்தில் இரண்டு முறை விழுந்து எழுந்திருந்தோம். எங்களுக்குத் தோன்றவில்லை.

"பள்ளம் இருக்கிறது என்று முன்பே சொல்லக் கூடாதா?" என்று கிளார்க்சன் மக்ரேயிடம் கேட்டார்.

"நீங்கள் கேட்கவில்லையே. பள்ளத்தைப் பார்த்துக் கம்பி சுருங்குமா என்ன? அளவு அளவுதானே."

மாலினி என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் பளபளப்பு. "அன்ரி, இந்தக் கேள்வியை எழுதினவர் ஜீனியஸ். வேணுமெண்டே செய்திருக்கிறார். மலை, பள்ளம் எல்லாம் யோசிச்சு. நான்தான் பூச்சியம் எண்டு அவசரப்பட்டிட்டன்."

எழுதியவர் மடையன் என்று அவள் சொல்லியிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

"ஜீனியஸ் எல்லாம் இல்லை, மாலினி. நான்தான் அது. குக்கர் விசில் அடிச்சுது, எழுந்து போனேன். ஒரு பக்கத்தை மாத்த மறந்துட்டேன்."

யோகம் அக்கா தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எப்ப தெரியும் உமக்கு?"

"ரிசல்ட் வந்த அன்னைக்கே, அக்கா."

"அண்டைக்கு என்ர குசினியில இருந்தனீர்."

"ஆமா."

"நாலு நாள் நான் இந்தப் பிள்ளையை ஏசினனான். ஐம்பது கணக்கு. அழுதழுது செய்தவள். நீர் முன்னால இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தனீர்." குரலை அவர் உயர்த்தவே இல்லை. "பிழை ஆரும் விடலாம், ராஜம். அதைப் பற்றி எனக்கொண்டுமில்லை."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போனார். நான் டொனலியின் வண்டியில் வந்தேன். வழி முழுக்க அவர் கைகுலுக்கல் பற்றியே பேசினார்.

ஏ முதல் எல் வரை

கமிட்டி கடைசியாக ஒரு தீர்மானம் போட்டது. சமதரையில் மாலினியின் விடை சரி. மக்ரேயின் நிலத்தில் மற்றவர்கள் விடை சரி. ஆகவே இருவருக்கும் முதலிடம்.

பரிசு, பல பாகங்கள் கொண்ட ஒரே ஒரு கலைக்களஞ்சியம். இரண்டாவது வாங்க வழியில்லை. எனவே பாதியாகப் பிரித்தார்கள். ஏ முதல் எல் வரை மாலினிக்கு, எம் முதல் கடைசி வரை ஆலனுக்கு. பல வருடங்களுக்கு, மாலினிக்கு எரிமலை பற்றித் தெரிய வேண்டுமானால் வெரிபீக்குப் போன் போட வேண்டியிருந்தது.

மக்ரே பரிசைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு சான்றிதழ் கேட்டார். கிளார்க்சன் பள்ளியின் முத்திரை அச்சிட்ட தாளில், 'திரு. மக்ரே அவர்களின் நிலம் இருக்கிறது என்று இதன் மூலம் உறுதி செய்யப்படுகிறது' என்று தட்டச்சு செய்து கையெழுத்திட்டுக் கொடுத்தார். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்ததாக ஆலன் சொன்னான்.

என் வருட அறிக்கையில், கணிதத்தை வகுப்பறைக்கு வெளியே கொண்டு சென்றவர் என்று புகழ்ந்திருந்தார்கள். வேலை நிரந்தரமாயிற்று. அன்று அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு யாரும் இல்லை. கணவரிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார். ஆனால் நான் போன் செய்ய நினைத்த எண் வேறு. இரண்டு முறை சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தப் புல்வெளிக்குப் பிறகு யோகம் அக்கா என்னோடு ஐந்து வாரம் பேசவில்லை. பச்சை மிளகாய்க் கடையில் ஒரு முறை எதிரில் வந்தார். தக்காளியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிறு மதியம், அழைப்பு மணி அடித்தது. வாசலில் அக்கா. கையில் ஒரு கொப்பி. யாழ்ப்பாணத்தார் நோட்டுப் புத்தகத்தைக் கொப்பி என்பார்கள்.

உள்ளே வந்தார். சமையலறை மேஜையில் கொப்பியை விரித்து வைத்தார். அவருடைய கையெழுத்து, ஒன்று முதல் ஐம்பது வரை எண் போட்டு.

"எல்லாம் வேலிக் கணக்கு. இருந்து செய்யும்."

நான் பென்சில் எடுத்து உட்கார்ந்தேன். அவர் கேட்காமலே கெட்டிலைப் போட்டு, தனக்கு மட்டும் தேநீர் ஊற்றிக்கொண்டு எதிர்க் கதிரையில் அமர்ந்தார். நான் ஒவ்வொரு பக்கமாக முடித்துத் தள்ள, அவர் மாலினி எழுதித் தந்திருந்த விடைத்தாளோடு ஒப்பிட்டுச் சரி போட்டார். இருபத்தேழாவது கணக்கில் கூட்டலைத் தவறவிட்டேன். அதற்கு அவர் போட்ட பெருக்கல் குறி பக்கத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இருந்தது. முகத்தில் முதல்முறையாக ஒரு நிறைவு.

நாற்பதாவது கணக்கு முடிந்தபோது, ஜன்னலைப் பார்த்தபடி, "சாப்பிட்டனீரோ?" என்றார்.

"இல்லை அக்கா. இன்னும் பத்து இருக்கு."

அவர் கொப்பியை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அதை நாளைக்குச் செய்யும்" என்றார். "வேலை முடிய நான் வாறன்."